கல்யாணத்துக்கு முன் குளூட்டா டிரிப்: எவ்வளவு கலர் வரும்?

தை மாதம் முகூர்த்தம் என்றால் ஐப்பசியிலேயே கேள்வி ஆரம்பித்துவிடும். "டாக்டர், குளூட்டா டிரிப் போட்டா எத்தனை ஷேடு ஏறும்?" நிறம் வெளுக்க வேண்டும் என்று குளூட்டாதயோன் என்ற மருந்தை நரம்பில் ஏற்றுவதுதான் இந்த டிரிப். பெண்கள் மட்டுமல்ல, இப்போது மாப்பிள்ளைகளும் கேட்கிறார்கள். பதில் சொல்வதற்கு முன் மேல்கையின் உள்பக்கத்தைப் பார்க்கச் சொல்வேன். வெயில் அதிகம் படாத அந்த இடத்தில் இருப்பதுதான் உங்கள் சொந்த நிறம். முகம் அதைவிடக் கறுத்திருந்தால் அந்த வித்தியாசத்தைக் குறைக்கப் பெரும்பாலும் வழி இருக்கிறது. அதையும் தாண்டி வெளுக்க வைக்கிறேன் என்று யாராவது பேக்கேஜ் விலை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

குளூட்டாதயோன் ஒன்றும் மாயப் பொருள் இல்லை, நம் கல்லீரலே தினமும் தயாரிக்கிறது. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாக உதவும் டைரோசினேஸ் நொதியை அது மட்டுப்படுத்துகிறது என்பது ஆய்வுக்கூடத்தில் உண்மைதான். ஆனால் நரம்பில் ஏற்றினால் சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் அதன் அளவு மளமளவென்று இறங்கிவிடும், அதனால்தான் சிட்டிங் முடிவதே இல்லை. பாகிஸ்தானில் 50 பெண்களிடம் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில் மருந்து ஏற்றியவர்களில் சிலருக்கு நிறம் கொஞ்சம் வெளுத்தது, மருந்தில்லாத டிரிப் போட்டவர்களிலும் சிலருக்கு வெளுத்ததாகப் பதிவாகியிருக்கிறது, அந்தப் பலனும் சில மாதங்களில் மங்கிவிட்டது. மருந்து ஏற்றியவர்களில் பலருக்குக் கல்லீரல் பரிசோதனையில் கோளாறு தெரிந்தது, ஒருவருக்கு அனாஃபிலாக்சிஸ், அதாவது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை. இந்த ஊசி மிகப் பிரபலமாக இருக்கும் பிலிப்பைன்ஸிலேயே அரசின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2011-இல் இதற்கு எதிராக எச்சரிக்கை விட்டது. இந்தியாவிலும் நிறத்துக்கென்று இந்த ஊசிக்கு அனுமதி கிடையாது.

கூடவே வைட்டமின் சி-யையும் அதிக அளவில் கலந்து ஏற்றுவார்கள். ஜி6பிடி (ரத்தச் சிவப்பணுக்களைப் பாதுகாக்கும் ஒரு நொதி) குறைபாடு இருப்பவர்களுக்கு இதனால் சிவப்பணுக்கள் உடையலாம், சிறுநீரகத்தில் ஏற்கெனவே தொந்தரவு இருந்தால் அது இன்னும் மோசமாகலாம். முதல் டிரிப்புக்கு முன் ரத்தப் பரிசோதனை கேட்ட அழகு நிலையம் எதையும் என்னிடம் வருபவர்கள் இதுவரை சொன்னதில்லை.

எனக்கு நிஜமான கவலை வேறு. "கறுத்துட்டேன்" என்று வருபவர்கள் எல்லோருக்கும் காரணம் ஒன்றல்ல. கழுத்தைச் சுற்றித் தடிப்பாகக் கறுத்திருப்பதை அழுக்கு என்று பீர்க்கங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொண்டு வருவார்கள், பரிசோதித்தால் பலருக்குச் சர்க்கரை நோயின் ஆரம்பமோ பிசிஓடி-யோ (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருக்கும். கன்னத்து மங்கு வெயிலுக்கும் கர்ப்பத்துக்கும் ஹார்மோன் மாத்திரைக்கும் சொந்தம், சன்ஸ்கிரீன் இல்லாமல் என்ன ஏற்றினாலும் திரும்பி வரும். இன்னும் சிலருக்கு, மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிப் பூசிய ஸ்டீராய்டு க்ரீம்தான் வில்லன். இவர்கள் எல்லோருக்கும் ஒரே டிரிப் என்றால் அது என்ன வைத்தியம்? (அழகு நிலையங்கள் காட்டும் 'முன், பின்' படங்களில் விளக்கு வெளிச்சத்தையும் கொஞ்சம் கவனியுங்கள்.)

கல்யாணத்துக்கு மூன்று நான்கு மாதம் இருக்கிறதா? தினமும் சன்ஸ்கிரீன், காரணம் பார்த்து எழுதிய க்ரீம், தேவைப்பட்டால் கெமிக்கல் பீல் (ரசாயனம் பூசி மேல்தோலை மெல்ல உரிக்கும் சிகிச்சை), இவ்வளவில் திட்டுத்திட்டான கறுப்பு பெரும்பாலும் நன்றாகவே குறையும். தேதி அடுத்த வாரம் என்றால் புதிதாக எதையும் தொடாதீர்கள், மேக்கப் ஆர்ட்டிஸ்ட் பார்த்துக்கொள்வார்.

ஏற்கெனவே டிரிப் போட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு: தோலில் சிவந்த தடிப்பு, கொப்புளம், வாய்ப்புண், கண் மஞ்சள், இதில் ஏதாவது தெரிந்தால் அடுத்த சிட்டிங்குக்குப் பணம் கட்டியாகிவிட்டதே என்று பார்க்காமல் நிறுத்திவிட்டு, ஏற்றிய மருந்துக் குப்பியைப் படம் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். மூச்சுத் திணறினால் 108-ஐ அழையுங்கள்.