காவிரி சரணாலயங்களில் மலையேற யாருக்கு அனுமதி, எப்படி வாங்குவது?

கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் போகும் காட்டுச் சாலையில் பகலில் பைக் ஓட்டிப் போக யாரிடமும் எழுதிக் கேட்க வேண்டியதில்லை. அதே சாலையோரம் வண்டியை நிறுத்திவிட்டு, எதிரே தெரியும் குன்றின் உச்சியைப் பார்த்துவிட்டு வரலாம் என்று காட்டுக்குள் நடந்தால் அது குற்றம். ஓசூர், பெங்களூரு பக்கமிருந்து வார இறுதியில் வருகிற பலருக்கு இது தெரிவதில்லை. கையில் லொக்கேஷன் இருக்கிறது, பாதை கண்ணுக்குத் தெரிகிறது, அப்புறம் என்ன என்று நினைத்துவிடுகிறார்கள்.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களின் காடுகளில் கணிசமான பகுதி இப்போது வெறும் காப்புக்காடு அல்ல, வனவிலங்கு சரணாலயம். 2014-இல் காவிரி வடக்கு சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 504 சதுர கிலோமீட்டர். 2022 நவம்பரில் அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி காடுகளைச் சேர்த்து காவிரி தெற்கு சரணாலயம் வந்தது. அது சுமார் 686 சதுர கிலோமீட்டர். கர்நாடகப் பக்கத்துக் காவிரி சரணாலயத்தோடு இந்தக் காடு தொடர்வதால் யானைகளுக்கு மாநில எல்லை ஒரு பொருட்டே இல்லை. சாம்பல் நிற அணில், நீர்நாய், முதலை எல்லாம் இங்கே உண்டு.

சரணாலயம் என்று ஆகிவிட்டால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972-இன் 27-ஆம் பிரிவு பொருந்தும். பணியில் இருக்கும் அரசு ஊழியர், உள்ளே வசிக்க அனுமதி பெற்றவர், உள்ளே நிலம் போன்ற அசையாச் சொத்தில் உரிமை உள்ளவர், இவர்களைச் சார்ந்து வாழும் குடும்பத்தார், பொது நெடுஞ்சாலையில் கடந்து போகிறவர் ஆகியோருக்கு மட்டும் அனுமதிச் சீட்டு வேண்டாம். மற்ற எல்லோருக்கும் வேண்டும். அந்தச் சீட்டை எதற்கெல்லாம் தரலாம் என்று 28-ஆம் பிரிவு சொல்கிறது: ஆய்வு, புகைப்படம், சுற்றுலா, உள்ளே வசிப்பவரோடு நியாயமான காரியம் இருப்பது. 2022 திருத்தத்துக்குப் பிறகு, காட்டின் இயல்பை மாற்றாத படப்பிடிப்பும் இதில் சேர்ந்தது.

அதிகம் பேர் சறுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. மலைக்கிராமத்தில் தெரிந்த அண்ணன் ஒருவர், "வாங்க சார், நான் கூட்டிட்டுப் போறேன்" என்பார். பாதை அவருக்கு அத்துப்படிதான். 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி தேன், புளி போன்ற சிறு வனப் பொருட்களைச் சேகரிக்கும் உரிமையும் அவருக்கு இருக்கலாம். சரி, ஆனால் அது அவருடைய உரிமை. கூட வரும் விருந்தாளிக்கு அது ஒட்டாது. மாட்டினால் வழக்கு இருவர் மேலும் வரலாம். நீங்கள் ஊருக்குப் போய்விடுவீர்கள், அவர் அதே காட்டில்தான் பிழைக்க வேண்டும். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்க முடியும். 2022 திருத்தத்துக்கு முன் இந்த அபராதத்தின் உச்சம் 25 ஆயிரம்தான்.

அப்படியானால் முறையாகப் போக வழி? சாதாரண ஆட்களுக்கு எளிதானது 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம். 2024 அக்டோபர் 24 அன்று 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளோடு தொடங்கியது. வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் சேர்ந்து நடத்துகின்றன. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் சிகரமும், தேன்கனிக்கோட்டை அருகே அய்யூர் - சாமி ஏரி பாதையும் இந்தப் பட்டியலில் உள்ளன. உச்சி ஏறத்தான் ஆசை என்றால் முதலாவது. பதிவு, பணம் எல்லாம் திட்டத்தின் இணையதளத்தில். காட்டுக்குள் போகும் அனுமதியும் வழிகாட்டியும் அந்தக் கட்டணத்திலேயே அடக்கம். வழிகாட்டிகள் பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள், பழங்குடி இளைஞர்களும் உண்டு. கட்டணம் கொஞ்சம் அதிகம் என்று முணுமுணுப்பு இருக்கிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றும், ஆனால் அதில் ஒரு பங்கு அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூலியாகப் போகிறது. பட்டியலில் இல்லாத பாதை, ஆய்வு, படப்பிடிப்பு என்றால் சம்பந்தப்பட்ட மாவட்ட வன அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்துபூர்வமாகக் கேட்க வேண்டும். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக்கு ஓசூர் வனக்கோட்டம்.

நாள் குறிக்கும்போது காட்டுத்தீ காலத்தைக் கணக்கில் வையுங்கள். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு மலையேற்ற விதிகள் இறுகின. 2025-இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை 'ட்ரெக் தமிழ்நாடு' பாதைகள் மூடப்பட்டன. கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ராகி முற்றும் பருவத்தில், கர்நாடகத்தின் பன்னார்கட்டா காட்டுப் பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு இறங்கும். அப்போது வனத்துறை 'இன்று வேண்டாம்' என்றால், கையில் சீட்டு இருக்கிறதே என்று வாதாடாதீர்கள்.

உள்ளே போன பிறகு தீ மூட்டக்கூடாது, விலங்கைச் சீண்டக்கூடாது, குப்பை போடக்கூடாது. மூன்றும் அறிவுரை அல்ல, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் எழுதியிருக்கும் தடைகள். பீடி, சிகரெட் பிடிப்பவர்கள் தீப்பெட்டியை வண்டியிலேயே வைத்துவிட்டு இறங்குங்கள்.