எரிந்தாலும் எடை குறையாத எரிபொருள்

ஆகாயக் கப்பல் என்றதும் 1937 மே 6 அன்று அமெரிக்காவின் லேக்ஹர்ஸ்டில் எரிந்து விழுந்த ஹிண்டன்பர்க்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். என் மனம் போவதோ அதற்கு மூத்த ‘கிராஃப் செப்பலின்’ பக்கம். 1928-ல் பறக்கத் தொடங்கிய இந்த ஜெர்மன் கப்பல் மறு ஆண்டே உலகைச் சுற்றியது. 590 முறை பறந்தும் ஒரு பயணியின் உயிர்கூடப் போகவில்லை.

ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.2 கிலோ, அதே அளவு ஹைட்ரஜன் 100 கிராம்கூட இருக்காது. ஹைட்ரஜன் நிரப்பிய கப்பலை இந்த வித்தியாசம்தான் தூக்குகிறது. தூக்குவது எளிது, ஒரே உயரத்தில் நிறுத்துவதுதான் பெரும்பாடு. எஞ்சின்களில் பெட்ரோல் எரிய எரியக் கப்பல் இலேசாகி மேலே ஏறும். அதை அடக்க ஹைட்ரஜனைத் திறந்துவிட வேண்டும்.

இதற்குக் கண்ட வழி அபாரமானது. பெட்ரோலுக்குப் பதிலாக, ஏறத்தாழக் காற்றின் அடர்த்தியே கொண்ட ‘ப்ளாவ்’ எரிவாயு! 236 மீட்டர் நீளக் கூட்டுக்குள் மேலே ஹைட்ரஜன் பைகள், கீழே எரிவாயுப் பைகள். எரிவாயு தீர்ந்து பை சுருங்கினால் அந்த இடத்தைக் காற்று நிரப்பிக்கொள்ளும். எடை அப்படியே இருக்கும்.

வானிலையை இப்படிச் சமாளிக்க முடியாது. 1929 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சல்ஸில் தரையையொட்டிக் குளிர்ந்த காற்று, அதன்மேல் சூடான காற்று. அடர்ந்த குளிர்காற்றுக்குள் இறங்காமல் கப்பல் மிதந்தது. ஹைட்ரஜனை வெளியேற்றித்தான் இறக்கினார் கேப்டன் ஹூகோ எக்கெனர். கிளம்பும்போது அந்த இழப்பு வினையானது: பாரம் தாங்காமல் தாழ்ந்து பறந்த கப்பல் மின்கம்பிகளில் மோதாமல் மயிரிழையில் தப்பியது.

அறைகளில் வெப்பமூட்டும் வசதி கிடையாது. பயணிகள் கோட்டு போட்டபடி உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் பறக்கும்போதே ஜன்னலைத் திறந்து கீழே பார்க்கலாம். இன்றைய எந்த ஜெட் விமானமும் தராத சுகம் அது. அந்த ஆசை இன்னும் விடவில்லை என்பதற்கு, ஜெர்மனியின் ஃபிரீட்ரிக்ஸ்ஹாஃபனிலிருந்து சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் பறக்கும் 75 மீட்டர் நீள ‘செப்பலின் என்டி’யே சாட்சி. அதில் தீப்பற்றாத ஹீலியம். மொத்த எடை தூக்குவிசையைவிடச் சற்றே கூடுதலாக இருக்கும்படி பறக்கிறது. திசை திருப்பக்கூடிய புரொப்பெல்லர்கள் மிச்சப் பாரத்தைத் தாங்கிக்கொள்கின்றன. இறங்குவதற்காக வாயுவைத் திறந்துவிட வேண்டியதில்லை.