கல் தூண் பொரிந்தால் முதலில் தரையைப் பாருங்கள்

மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் திருப்பணிப் பேச்சு எழும்போது என்னிடம் வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: "கல் பொரிகிறது, மேலே என்ன பூசலாம்?" ஏன் பொரிகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கல்லின் பாதுகாப்பு அந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது.

கருங்கல்லும் சிதையும். அதிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் ஈரத்தில் மெல்லக் களிமண்ணாகிறது. கறுப்பு மைக்காவின் இரும்பு துருவேறிப் பழுப்புக் கறையாகிறது. வெயிலில் ஒவ்வொரு கனிமமும் ஒவ்வோர் அளவில் விரிவதால் நுண்விரிசல் விழுகிறது. இவையெல்லாம் நூற்றாண்டுக் கணக்கில் நடப்பவை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு தூண் பொரிந்துவிட்டது என்றால் மனிதர் கைவேலையைத்தான் நான் முதலில் தேடுவேன்.

ஒரு கிராமத்துக் கோயில் மண்டபத்தில் தூண்களின் அடிப்பகுதி ஈரம் கோத்திருந்தது. முழங்கால் உயரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்து, விரல் பட்டாலே கல் செதில் செதிலாக உதிர்ந்தது. மரச்சுத்தியலால் மெல்லத் தட்டியபோது மேலே கணீரென்ற ஓசை. உப்பு படிந்த இடத்தில் பொத்தென்ற சத்தம். மேல்தோல் உள்ளிருந்து விலகிவிட்டது என்று பொருள். தூணுக்கு ரசாயனம் பூச எல்லோரும் தயாராக இருந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். பழைய பாவுகற்களின் மேல் சிமெண்ட் போட்டுப் பளபளக்கும் கல் பதித்திருந்தார்கள். முன்பு பாவுகற்களின் இடுக்கு வழியே ஆவியான மண்ணின் ஈரத்துக்கு இப்போது தூணைத் தவிர வேறு வழியில்லை. ஈரம் ஏறி உலரும் இடத்தில் உப்பு படிகமாகிக் கல்லை உள்ளிருந்து தள்ளுகிறது. சிமெண்டும் தன் பங்குக்கு உப்பைக் கொடுக்கிறது. இதன்மேல் நீர்புகாப் பூச்சு அடித்தால் உப்பு பூச்சுக்குப் பின்னால் சேர்ந்து இன்னும் தடித்த பாளமாகப் பெயர்க்கும்.

ஆகவே முதலில் சிதைவு வரைபடம் வேண்டும். தூணின் நான்கு முகங்களையும் அளந்து வரைந்து உப்பு, செதில், விரிசல், பாசி, எண்ணெய்ப் பிசுக்கு, பழைய சிமெண்ட் ஒட்டு என ஒவ்வொன்றையும் தனி நிறத்தில் குறிப்போம். அளவு குறித்த சிறு கண்ணாடிக் குழாயைக் கல்லில் ஒட்டி, நீர் எவ்வளவு வேகமாக உள்ளே இறங்குகிறது என்று பார்ப்போம். ஐப்பசி மழையிலும் பங்குனி வெயிலிலும் பார்த்தால்தான் முழு நிலவரம் தெரியும். அடைமழையில் கண்ணுக்குத் தெரியாத உப்பு கோடையில் வெளியே வரும்.

இந்தப் பொறுமை இல்லாத இடத்தில்தான் மணல் பீய்ச்சும் இயந்திரம் வந்து நிற்கிறது. அழுக்குடன் உளித்தடமும் போகிறது. சில மில்லிமீட்டர் ஆழமே உள்ள கல்வெட்டு எழுத்தை அதன்பின் எவராலும் மீட்க முடியாது. இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துக் குகைத்தளங்களுக்குப் போனால் மேற்பாறையின் முகப்பை அண்ணாந்து பாருங்கள். மழைநீர் உள்ளே வழியாதபடி காடி வெட்டியிருக்கிறார்கள். அங்குள்ள தமிழி (பழந்தமிழ் வரிவடிவம்) எழுத்துகள் ஈராயிரம் ஆண்டு தாண்டியும் படிக்கக் கிடைப்பதில் அந்தக் காடிக்கும் பங்குண்டு. தண்ணீர் போகும் வழியை அவர்கள் முதலிலேயே யோசித்திருக்கிறார்கள்.

உங்கள் ஊரில் குடமுழுக்கு வேலை தொடங்கப்போகிறதென்றால் சிதைவு வரைபடம் தயாரிக்கப்பட்டதா என்று கேளுங்கள். சாரம் கட்டுவதற்கு முன்பே, சுவரில் சாய்ந்து விழும் வெயிலில், அளவுகோல் வைத்து எல்லாக் கல்வெட்டுகளையும் படமெடுத்துவிடுங்கள்.