புள்ளி மறைந்தால் மீன் பிழைத்ததா?

கடல்நீர்த் தொட்டி வைத்திருப்பவர்கள் பலரும் இதைப் பார்த்திருப்பார்கள். புதிதாக வாங்கி விட்ட மீனின் துடுப்பில் உப்பைத் தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். நாலைந்து நாளில் அவை தாமாகவே மறைந்துவிடுகின்றன. பூண்டு கலந்த தீனி போட்டிருந்தால் பூண்டுக்கு நல்ல பெயர். ஏதோ சொட்டு மருந்து ஊற்றியிருந்தால் அதற்கு நல்ல பெயர். சரி, தப்பித்தோம் என்று இருக்கும்போது, ஓரிரு வாரத்தில் தொட்டியிலுள்ள மீன்கள் ஒவ்வொன்றாக மேல்மூச்சு வாங்க ஆரம்பிக்கின்றன.

புள்ளி மறைவது குணமானதால் அன்று. உண்டு கொழுத்த ஒட்டுண்ணி, பெருகுவதற்காக மீனை விட்டு இறங்கியிருக்கிறது.

அதன் பெயர் கிரிப்டோகேரியான் இரிட்டன்ஸ். ஒற்றைச் செல் உயிர். 1951இல் பிரௌன் என்ற ஆய்வாளர் இந்தப் பெயரை இட்டார். நன்னீர் மீன்களுக்கு வரும் 'இக்' என்ற வெள்ளைப்புள்ளி ஒட்டுண்ணி போலவே இருக்கும், ஆனால் இரண்டுக்கும் நெருங்கிய உறவில்லை.

மீன்மேல் இருக்கும் காலம் மூன்று முதல் ஏழு நாள். தோலின் மேற்படலத்துக்கு அடியில் புகுந்து, திசுவைத் தின்று வளர்கிறது. அந்த மேடுதான் நாம் காணும் புள்ளி. மீன் சாவது பெரும்பாலும் உடம்பிலுள்ள புள்ளிகளால் அன்று, நம் கண்ணுக்குத் தெரியாமல் செவுளில் உள்ளவற்றால். செவுள் கெட்டால் மூச்சு மட்டுமில்லை, உடம்பின் உப்புச் சமநிலையும் குலைந்துபோகும்.

வளர்ந்தது இருட்டில் மீனை விட்டுக் கழன்று, மணலிலோ பாறையிலோ சில மணி நேரம் ஊர்ந்து, தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொள்கிறது. உள்ளே பிரிந்து பிரிந்து இருநூறு, சில சமயம் அதற்கும் மேலான குஞ்சுகள். பெரும்பாலான கூடுகள் 3 முதல் 28 நாளுக்குள் வெடிக்கும். ஆய்வகத்தில் 72 நாள் வரை தாங்கிய கூடும் உண்டு. குஞ்சுகள் வெளிவருவதும் பெரும்பாலும் இருட்டில்தான். மீன்கள் ஓரிடத்தில் அசையாமல் ஒதுங்கியிருக்கும் நேரம் அது. வெளிவந்த குஞ்சுக்கு ஓரிரு நாளுக்குள் மீன் கிடைத்தாக வேண்டும், இல்லையேல் சாவுதான்.

மருந்தின் கதை முழுவதும் இந்த ஓரிரு நாளில்தான் இருக்கிறது. தோலுக்கடியில் இருப்பதை மருந்து எட்டுவதில்லை. கூட்டுக்குள் இருப்பதையும் எட்டுவதில்லை. மீனை நன்னீரில் சில நிமிடம் முக்கி எடுப்பதால் இந்த நோய் போகாததற்கும், சுத்தம் செய்யும் இறால் இதைத் தின்று தீர்க்காததற்கும் காரணம் அதே தோல் மறைப்புதான். நீந்தித் திரியும் குஞ்சு ஒன்றுதான் அகப்படும்.

நெடுங்காலமாகப் பயன்படும் மருந்து செம்பு. மயில்துத்தக் கரைசலாக இருந்தால் லிட்டருக்கு 0.15 முதல் 0.20 மில்லிகிராம் செம்பு. இதற்குக் கீழே போனால் ஒட்டுண்ணி பிழைக்கும். மேலே போனால் மீனுக்கே விஷம். வேறு பொருளோடு பிணைத்து விற்கும் செம்பு மருந்துகளுக்கு அளவு வேறு, புட்டியில் உள்ளபடிதான் போட வேண்டும். தினமும் சோதித்துப் பார்க்காமல் செம்பைத் தொடவே கூடாது என்பேன். குறைந்தது இரண்டு வாரம், பலர் ஒரு மாதம் வரை விடாமல் வைத்திருப்பார்கள். இதைப் பிரதான தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள். பவளம், இறால், நத்தை எல்லாம் செத்துப்போகும். சுண்ணாம்புப் பாறையும் மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்வதால் அளவும் நிற்காது.

எனக்குப் பிடித்தது மருந்தே இல்லாத ஒரு முறை: தொட்டி மாற்றுதல். தேவை இரண்டு வெறும் தொட்டிகள், ஒளிந்துகொள்ள பிவிசி குழாய்த் துண்டுகள், காற்றுக்கல். மூன்று நாளுக்கு ஒருமுறை, 72 மணி நேரம் தாண்டாமல், மீனை மட்டும் புதுத் தண்ணீருள்ள அடுத்த தொட்டிக்கு மாற்ற வேண்டும். கணக்கு எளியது. முதல் மூன்று நாளில் மீனிலிருந்து இறங்கியவை பழைய தொட்டியின் அடியில் கூடு கட்டியிருக்கும். அவை வெடிப்பதற்குள் மீன் அங்கே இருக்காது. நான்கு முறை மாற்றினால், முதலில் உடம்பில் இருந்த எல்லாமே இறங்கிவிட்டிருக்கும், புதிதாக ஏற ஒன்றும் இருக்காது. காலி செய்த தொட்டி, ஹீட்டர், வலை எல்லாவற்றையும் நன்றாகக் காயவைத்த பிறகே மறுபடி எடுக்க வேண்டும். வெறும் தொட்டி என்பதால் அமோனியா ஏறும், அப்புறம் மீன் அதனாலேயே போய்விடும், தினமும் பாருங்கள். பவுடர் ப்ளூ டேங் போன்ற, இந்த நோய் எளிதில் பிடிக்கும் மீன்களுக்கு இந்தச் சிரமம் தகும். ஆனால் புள்ளிக்குப் பதில் பொன்தூள் பூசியதுபோலத் தெரிந்தால் அது வேறு ஒட்டுண்ணி, இன்னும் வேகமாகக் கொல்லும். அங்கே தொட்டி மாற்றுவது உதவாது, செம்புதான்.

மீன் குணமாகிவிட்டது, பிரதான தொட்டி? அங்கே கூடுகள் இன்னும் கிடக்கின்றன. பவளமும் இறாலும் இருக்கட்டும், ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. அந்த 72 நாள் கணக்கை வைத்துத்தான் பலர் 76 நாள் காத்திருக்கிறார்கள். இடையில், மீன் இருந்த தொட்டியிலிருந்து ஒரு பவளத் துண்டை வாங்கி வைத்தால், அதில் ஒட்டிய கூடு ஒன்று போதும்; எண்ணிக்கையை மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.