எதைப் பிடித்திருக்கிறீர்கள், எது உங்களைப் பிடித்திருக்கிறது?

சிங்கப்பூரின் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்து. கடைவீட்டின் குறுகிய மாடிப்படி ஏறினால் சின்ன அலுவலகம். உணவுப்பொருள் மொத்த வியாபாரம். முதலாளிக்கு 56 வயது. மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு தடித்த கோப்புகளை எடுத்து என் முன்னால் வைத்தார். வேலையைப் பகிர்ந்து கொடுப்பது எப்படி என்று இரண்டு பயிற்சி வகுப்புகளில் கொடுத்தவை அவை. இரண்டுக்கும் சான்றிதழ் இருந்தது.

“எல்லாம் தெரியும்மா. செய்யத்தான் முடியல” என்றார். அதற்குள் கைப்பேசி ஒலித்தது. கீழ்த்தளத்தில் இருக்கும் மேனேஜர்தான். 50 மூட்டை பொன்னி அரிசிக்கு என்ன விலை சொல்லட்டும் என்று கேட்டார். இவர் விலையைச் சொல்லி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்த மேனேஜர் பதினோரு ஆண்டுகளாக அங்கே வேலை செய்கிறவர்.

(இதை எழுத அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆளைக் காட்டிக்கொடுக்கும் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

நிறுவனம் நடத்துகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது என் தொழில். சிங்கப்பூரில் உள்ள நிறுவனங்களில் ஏறத்தாழ 99 விழுக்காடு சிறிய, நடுத்தர நிறுவனங்கள். அவற்றை நடத்தும் நம்மவர்கள் பலரிடம் இதே வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன்: தெரியும், முடியவில்லை. அவர்களுக்குச் சோம்பல் கிடையாது. இந்த ஊரில் கற்றுக்கொள்ள வழியில்லை என்றும் சொல்ல முடியாது. 2015இல் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசின் திறன்பயிற்சித் திட்டம் தொடங்கியது. அடுத்த ஆண்டு 25 வயது நிரம்பிய ஒவ்வொரு சிங்கப்பூரருக்கும் பயிற்சிக்குச் செலவிட 500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கிடைத்தது. 2024இல் 40 வயது நிரம்பியவர்களுக்கு 4,000 வெள்ளி கூடுதலாகச் சேர்ந்தது. அந்தப் பணத்தில் கணக்குப் பழகியவர்களையும் கணினி பழகியவர்களையும் எனக்குத் தெரியும். அது நல்ல திட்டம். ஆனால் வகுப்பு என்பது பாத்திரத்தில் ஊற்றுவது. இந்த முதலாளியின் சிக்கல் பாத்திரத்தின் கொள்ளளவில் இருந்தது. இரண்டு முறை ஊற்றியும் வழிந்துதான் போனது.

பெரியவர்களின் மனவளர்ச்சி பற்றிய கோட்பாடு இங்கேதான் உதவுகிறது. அதை எந்த வாசல் வழியாகச் சொல்வது என்பதில் நான் பல ஆண்டுகள் தடுமாறியிருக்கிறேன். இப்போது ஒரு காப்பிக்கடை மேசையில் தொடங்குகிறேன்.

ஒரே அளவு தேநீரை ஓர் உயரமான கண்ணாடிக் குவளையிலும் ஓர் அகலமான கோப்பையிலும் ஊற்றுங்கள். கண்முன்னே ஊற்றினாலும், நான்கு வயதுப் பிள்ளை உயரமான குவளையில்தான் அதிகம் இருக்கிறது என்று சொல்லும். எட்டு வயதில் அதே பிள்ளை, இது ஒரு கேள்வியா என்று நம்மைப் பார்க்கும். சுவிட்சர்லாந்தின் உளவியலாளர் ழான் பியாஜே இத்தகைய சோதனைகளைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தவர். இடைப்பட்ட காலத்தில் அந்தப் பிள்ளைக்கு நடந்தது ஒரு புதிய தகவலைக் கற்றது மட்டுமல்ல. முன்பு உயரம் அதன் பார்வையைப் பிடித்து வைத்திருந்தது. இப்போது உயரத்தைத் தன் கையில் எடுத்து, அகலத்தோடு சேர்த்து நிறுத்துப் பார்க்கிறது. நான்கு வயதுப் பிள்ளையை யாரும் சோம்பேறி என்று திட்டுவதில்லை என்பதையும் இங்கே சொல்லிவிடுவேன்.

இந்த வளர்ச்சி பதின்ம வயதோடு முடிந்துவிடுகிறது என்றுதான் நெடுநாள் நினைத்தார்கள். ஹார்வர்ட் கல்வியியல் பள்ளியில் நீண்ட காலம் கற்பித்த ராபர்ட் கீகன், 1982இல் வெளியிட்ட நூலிலேயே வேறு விதமாகச் சொன்னார். பெரியவர்களுக்கும் இது தொடர்கிறது, மெதுவாக, ஆண்டுக்கணக்கில். ஒரு காலத்தில் நம்மைப் பிடித்திருந்தது பிறகு நாம் பிடித்துப் பார்க்கக்கூடிய பொருளாகிறது. அவருடைய கோட்பாட்டின் நடுநரம்பு இந்த ஓர் அசைவுதான். ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு கனமான சொற்கள் உண்டு. அவற்றைச் சொன்னால் அறையில் பாதிப் பேர் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். “நம்மைப் பிடித்திருப்பது, நாம் பிடித்திருப்பது” என்றால் தேக்கா சந்தையில் மீன் விற்கிறவருக்கும் புரிகிறது. பேய் பிடிப்பது, பைத்தியம் பிடிப்பது, பயம் பிடிப்பது என்று தமிழ் இதற்கு ஏற்கெனவே இடம் வைத்திருக்கிறது.

கீகன் பெரியவர்களிடம் மூன்று வகை மனங்களைக் காட்டுகிறார். வியாபாரிகளிடம் பேசுவதற்காக அவற்றுக்கு நானே பெயர் வைத்துக்கொண்டேன். முதலாவது, ‘நாலு பேர்’ மனம். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்பதே இங்கே திசைகாட்டி. அந்த நாலு பேர் குடும்பமாக இருக்கலாம், சங்கமாக இருக்கலாம், வங்கி மேலாளராகவும் இருக்கலாம். இதைக் குறையாக நினைக்கக் கூடாது. ஊரை, குடும்பத்தை, வாக்கைக் காப்பாற்றுவது இந்த மனம்தான். இரண்டாவது, தன் பேரேட்டைத் தானே எழுதும் மனம். நாலு பேர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளும், ஆனால் எது வரவு எது செலவு என்பதைத் தானே முடிவுசெய்யும். மூன்றாவது மனத்துக்குத் தன் பேரேட்டையே தணிக்கை செய்யத் தெரியும். நான் கணக்கெழுதும் முறையிலேயே ஏதோ விடுபடுகிறதோ என்று கேட்க முடிகிற மனம் அது. அதை எட்டியவர்கள் மிகச் சிலரே.

1994இல் வந்த நூலில் கீகன் தொகுத்துக் காட்டிய ஆய்வுகளில், பாதிக்கு மேற்பட்ட பெரியவர்கள் இரண்டாவது மனத்தை முழுமையாக எட்டியிருக்கவில்லை. ஆய்வில் இருந்தவர்கள் பெரும்பாலும் படித்த அமெரிக்கர்கள். ஆகவே அந்தக் கணக்கை அப்படியே நம் ஊருக்கு இறக்குமதி செய்ய மாட்டேன். ஆனால் அவருடைய அடிப்படைக் கேள்வி நம் முதலாளிகளுக்கு அச்சாகப் பொருந்துகிறது: இன்றைய வேலை நம்மிடம் கேட்கும் மனம், நம்மிடம் இப்போது இருக்கும் மனத்தைவிடப் பெரியதாக இருந்தால் என்ன செய்வது?

தமிழர்களிடம் பேசும்போது ஓரிடத்தில் மிகுந்த நேரம் எடுத்துக்கொள்வேன். தன் பேரேட்டைத் தானே எழுதுவது என்றவுடன், அப்பா பேச்சை மீறுவது, குடும்பத்தை உதறுவது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு ஒத்துவராது என்று எழுந்துபோனவரும் உண்டு. அவருடைய கவலை நியாயமானது. ஆனால் கோட்பாடு சொல்வது அதுவல்ல. இரண்டு சகோதரர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவரும் அப்பாவின் கடையை எடுத்து நடத்துகிறார்கள். ஒருவர், அப்பாவின் முகம் வாடுவதைத் தாங்க முடியாமல் ஒப்புக்கொண்டவர். மற்றவர், அப்பாவின் ஆசை, தன் ஆசை, கடையின் நிலை மூன்றையும் எடைபோட்டு, இது எனக்கு வேண்டும் என்று வந்தவர். வெளியே பார்த்தால் இரண்டு கல்லாவும் ஒன்றுதான். சரக்கு தேங்கி நிற்கும் ஆண்டில்தான் வித்தியாசம் தெரியும். குடும்பத்தோடு இணைந்திருப்பதையும் தானே தேர்ந்தெடுத்து எழுத முடியும். வீட்டை எதிர்த்து வெளியேறிய மகன், எதிர்ப்பாலேயே பிடிக்கப்பட்டவனாகவும் இருக்கலாம்.

நான் செய்த ஒரு தவற்றையும் எழுதியாக வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு நிறுவனத்தில் இந்த மனங்களை ஏணிப்படிகளாகப் பலகையில் வரைந்தேன். முதல் கேள்வியே “நான் எந்தப் படி?” என்பதுதான். அடுத்த மாதம் போனபோது, ஆண்டு மதிப்பீட்டுக் கூட்டத்தில் ஒரு துறைத் தலைவர் தன் ஊழியரிடம், நீ இன்னும் கீழ்ப்படியில்தான் நிற்கிறாய் என்று சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அந்த ஊழியர் இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். வேலை போய்விடக் கூடாதே என்று பேசாமல் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். அவரை அடித்த கோலை நான்தான் கொடுத்தேன். அன்றிலிருந்து ஏணியை வரைவதில்லை.

யார் எந்த மனத்திலிருந்து பேசுகிறார் என்பது ஒரு கூட்டத்தில் பார்த்துச் சொல்லக்கூடியதும் இல்லை. கீகனும் அவருடைய சகாக்களும் உருவாக்கிய முறையான நேர்காணலில் கோபம், வெற்றி, இழப்பு, மாற்றம் போன்ற சொற்கள் எழுதிய அட்டைகளைக் கொடுத்து, ஒரு மணி நேரத்துக்கும் மேல் பேச வைப்பார்கள். என்ன நடந்தது என்பதைவிட, அதற்கு அவர் எப்படிப் பொருள் கொடுத்தார் என்பதைத் தேடுவார்கள். பேச்சு முழுவதையும் எழுத்தாக்கி, பயிற்சி பெற்றவர் வரிவரியாகப் படித்த பிறகுதான் ஏதாவது சொல்வார். பத்து நிமிடத்தில் உங்கள் தலைமைத்துவ நிலையைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்று யாராவது இணையத் தேர்வு விற்றால், தயவுசெய்து பணத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

மாடி அலுவலகத்துக்கு வருகிறேன். கீகனும் அவருடைய சகா லிசா லாஹியும் சேர்ந்து உருவாக்கிய நான்கு கட்டப் பயிற்சி ஒன்று உண்டு. 2009இல் அவர்கள் நூலாகவும் எழுதினார்கள். கோட்பாட்டின் பெயரைக்கூடச் சொல்லாமல் ஒரு வெள்ளைத் தாளை நான்காக மடித்துக் கொடுத்தேன். தமிழிலேயே எழுதுங்கள் அண்ணே என்றேன். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். நம் முதலாளிகள் நிர்வாகத்தை ஆங்கிலத்தில் பேசுகிறார்கள், பயத்தைத் தமிழில் வைத்திருக்கிறார்கள்.

முதல் கட்டத்தில் அவர் எழுதியது: 5,000 வெள்ளிக்குக் கீழே இருக்கும் விலையை மேனேஜரே முடிவுசெய்ய வேண்டும். இரண்டாவது கட்டத்தில், அதற்கு எதிராகத் தான் செய்வதையெல்லாம் எழுத வேண்டும். வேகமாக எழுதினார். எல்லா வாட்ஸ்அப் குழுக்களிலும் இருக்கிறேன். மேனேஜர் சொன்ன விலையை மறுநாள் மாற்றுகிறேன். சென்னையில் சரக்கு அனுப்புகிறவரின் எண்ணை அவரிடம் கொடுக்கவில்லை. கடைசி வரியை எழுதிவிட்டு, அதை மறைப்பதுபோலக் கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்.

மூன்றாவது கட்டம்தான் கடினம். இரண்டாவது கட்டத்தில் இருப்பதைச் செய்யாமல் விட்டால் என்ன பயம் வரும்? “அவன் தப்புப் பண்ணிட்டா நஷ்டம்” என்றார். அதற்கும் அடியில் என்ன இருக்கிறது அண்ணே என்று கேட்டேன். நெடுநேரம் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே யாரோ லாரியிலிருந்து மூட்டை இறக்கும் சத்தம் கேட்டது.

“அவன் சரியாப் பண்ணிட்டா?”

முதலாளியின் அப்பா கடைக்குப் போவதை நிறுத்திய பிறகு வீட்டில் யாரும் அவரிடம் எதையும் கேட்பதில்லையாம். வாசல் பக்கம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். நான்காவது கட்டத்தில் அவர் எழுதிய வரி: நான் இல்லாமல் கடை ஓடினால், என்னை யாரும் தேட மாட்டார்கள். முப்பது ஆண்டுகளாக அந்த வரி அவரைப் பிடித்திருந்தது. அன்றைக்குத் தாளில் இருந்ததால் அவரால் அதைப் பார்க்க முடிந்தது. இரண்டு பயிற்சி வகுப்புகளும் ஏன் வழிந்து போயின என்பது அப்போது எங்கள் இருவருக்குமே விளங்கியது. பகிர்ந்து கொடுக்காமல் இருந்ததால்தான் அவர் தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

உடனே மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த வரி உண்மையா என்று சின்னதாகச் சோதித்துப் பார்ப்போம் என்றேன். ஒரே ஒரு வாடிக்கையாளர், இரண்டு வாரம், விலை முழுக்க மேனேஜர் கையில். மேனேஜர் ஒருமுறை விலையைக் குறைத்துச் சொன்னதில் 180 வெள்ளி போனது. அது அவரை அவ்வளவாக உறுத்தவில்லை. அந்த வாடிக்கையாளர் இரண்டு வாரமும் தன்னை அழைக்கவில்லை என்பதுதான் உறுத்தியது. பதினைந்தாவது நாள் வாடிக்கையாளர் அழைத்தார். விலை கேட்க அல்ல. மகன் தேசிய சேவை முடித்து வருகிறான், வியாபாரத்தில் சேர்க்கலாமா என்று யோசனை கேட்க.

இதைப் படித்துவிட்டு உங்கள் நிறுவனத்தில் இதே தாளைச் செய்து பார்க்க நினைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதலில் நீங்கள் மட்டும் செய்யுங்கள். மூன்றாவது கட்டத்தை ஊழியர்கள் முதலாளி முன்னால் வாசிக்கும்படி வைக்காதீர்கள். சம்பளம் கொடுப்பவர் கேட்டால் மறுக்க முடியாது, அப்படி வெளியே வந்த பயம் திரும்ப உள்ளே போகாது. தூக்கமின்மையோ மனச்சோர்வோ வாரக்கணக்கில் இருப்பவருக்கு இந்தத் தாள் மருந்தாகாது. அவர் பலதுறை மருந்தகத்துக்கோ (பாலிகிளினிக்) மனநல ஆலோசகரிடமோ போகட்டும். வேகத்தையும் எதிர்பார்க்காதீர்கள். இந்த அண்ணனுடன் ஒன்றரை ஆண்டாகப் பேசிக்கொண்டிருக்கிறேன். சென்னை எண் இப்போது மேனேஜரிடம் இருக்கிறது. இரண்டு வாட்ஸ்அப் குழுக்களில் அண்ணன் இன்னும் இருக்கிறார்.

போன மாதம் போனபோது புதிதாக ஒரு தாளை நான்காக மடித்து வைத்திருந்தார். முதல் கட்டத்தில் மகளின் பெயர் இருந்தது. மற்ற மூன்றும் வெறுமையாக இருந்தன. “இது கொஞ்சம் நாளாகும்மா” என்று சொல்லி, கீழே போய் இரண்டு தேநீர் வாங்கிவரக் கிளம்பினார். கைப்பேசி மேசையிலேயே இருந்தது.