8,250 சுழற்சியும் ஒரு மைக்ரான் எண்ணெயும்: எம்5 காரின் வி10 என்ஜினைக் காப்பது எப்படி?

பி.எம்.டபிள்யூ நிறுவனம் 2005 முதல் 2010 வரை விற்ற எம்5 காரை, அதன் உள்வகைப் பெயரான இ60 என்பதைச் சேர்த்தே ஆர்வலர்கள் குறிப்பிடுவார்கள். நான்கு கதவுகளும் ஐந்து இருக்கைகளும் பெரிய டிக்கியும் கொண்ட இந்த வண்டியை வெளியிலிருந்து பார்ப்பவர், வசதியான ஒரு குடும்பத்தின் கார் என்று மட்டுமே எண்ணுவார். அதன் பானெட்டுக்குக் கீழே இருப்பது எஸ்85 என்னும் 5 லிட்டர், 10 சிலிண்டர் வி10 என்ஜின். டர்போசார்ஜர் எதுவும் இல்லாமல், நிமிடத்துக்கு 7,750 சுழற்சியில் 507 குதிரைத்திறனைத் தரும் இந்த என்ஜின், 8,250 சுழற்சி வரை ஓட அனுமதிக்கப்பட்டது. பி.எம்.டபிள்யூ 2000 முதல் 2005 வரை வில்லியம்ஸ் அணியின் ஃபார்முலா 1 பந்தயக் கார்களுக்கு வி10 என்ஜின்களை வழங்கிவந்தது. எஸ்85 என்ஜினின் அலுமினியப் பிளாக்கும் பந்தய என்ஜின்கள் வார்க்கப்பட்ட லாண்ட்ஸ்ஹூட் வார்ப்பாலையிலேயே வார்க்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே பொதுவான உதிரிப்பாகம் எதுவும் இல்லை என்றாலும், வேகச் சுழற்சியிலிருந்து ஆற்றலைப் பெறும் சிந்தனை இரண்டுக்கும் ஒன்றே. 2005ஆம் ஆண்டின் விதிப்படி ஒரு ஃபார்முலா 1 என்ஜின் இரண்டு பந்தயங்களுக்குத் தாங்கினால் போதுமானது. சாலையில் ஓடும் காரின் என்ஜினோ பல ஆண்டுகள் உழைக்க வேண்டும்.

இன்று பழைய எம்5 ஒன்றின் விலை, புதிதாக விற்றபோது இருந்த விலையோடு ஒப்பிட்டால் மிகவும் இறங்கியிருக்கிறது. ஆனால் உதிரிப்பாகங்களும் அவற்றைப் பொருத்தும் உழைப்பும் புது எம்5 வாங்கக்கூடியவரின் பணப்பையை மனத்தில் வைத்தே விலையிடப்பட்டவை. அவை வண்டியோடு சேர்ந்து மலிவடைவதில்லை. இந்தக் காரை வாங்க நினைப்பவரிடம் அனுபவசாலிகள் முதலில் கேட்கும் கேள்வியும் பெயிண்ட்டைப் பற்றியதோ டயரைப் பற்றியதோ அல்ல, "கனெக்டிங் ராட் பேரிங் மாற்றியாகிவிட்டதா?" என்பதே. உள்ளங்கையில் அடங்கும் மெல்லிய உலோகப் பிறைத்துண்டுகள் ஒரு காரின் விலையையே தீர்மானிப்பது ஏன் என்பதை அறிய, அந்தப் பேரிங் எத்தகைய சுமையைத் தாங்குகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும்.

பிஸ்டன் மேலும் கீழுமாக ஓடுகிறது. கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது. இரண்டையும் இணைப்பது கனெக்டிங் ராட். அந்த ராட் கிராங்க் ஷாஃப்ட்டைப் பற்றும் இடத்தில் இருப்பதே இந்தப் பேரிங். எஸ்85 என்ஜினில் பிஸ்டன் ஒருமுறை இறங்கும் தொலைவு 75.2 மில்லிமீட்டர். 8,250 சுழற்சியில் கிராங்க் ஷாஃப்ட் ஒரு விநாடிக்கு 137 முறைக்கு மேல் சுற்றுவதால், பிஸ்டனின் சராசரி வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 20.7 மீட்டர். சராசரி வேகத்தைவிட முக்கியமானது, ஒவ்வொரு முறையும் உச்சியில் நின்று திரும்பும்போது அது படும் முடுக்கம். இந்த அளவுகளை வைத்துக் கணக்கிட்டால் அது புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல 3,500 மடங்கைத் தாண்டுகிறது. அதாவது பிஸ்டனிலும் அதைச் சேர்ந்த பாகங்களிலும் உள்ள ஒவ்வொரு 100 கிராமும் அந்தக் கணத்தில் 350 கிலோகிராம் எடைபோல் கனெக்டிங் ராடை இழுக்கிறது. எரிபொருள் எரியும் வீச்சில் (பிஸ்டனின் ஓர் ஓட்டத்தில்) எரிந்த வாயுவின் அழுத்தம் இந்த இழுப்பை ஓரளவு ஈடுசெய்துவிடும். புகை வெளியேறும் வீச்சின் முடிவில் அத்தகைய எதிர்விசை ஏதும் இல்லாததால், முழு இழுப்பும் பேரிங்கின்மேல் வந்து விழுகிறது. இந்த விசை சுழற்சி வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், 4,000 சுழற்சியில் ஓட்டும்போது இருக்கும் சுமை உச்சச் சுழற்சியில் நான்கு மடங்காகிவிடும்.

இதோடு இடநெருக்கடியும் சேர்கிறது. வி10 அமைப்பில் கிராங்க் ஷாஃப்ட்டின் ஒவ்வொரு முழியிலும், அதாவது ராட் மாட்டப்படும் உருளைப் பகுதியிலும், இரண்டு கனெக்டிங் ராடுகள் அருகருகே மாட்டப்படுகின்றன. பத்து ராடுகளுக்கு ஐந்தே முழிகள். அதனால் என்ஜினின் நீளம் குறைகிறது, ஆனால் ஒவ்வொரு பேரிங்குக்கும் கிடைக்கும் அகலமும் குறைகிறது. சுமார் 52 மில்லிமீட்டர் விட்டமுள்ள அந்த முழியின் மேற்பரப்பு, பேரிங்கின் உட்புறத்தை ஒட்டி உச்சச் சுழற்சியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வழுக்கி ஓடுகிறது. இத்தனை விசையோடும் வேகத்தோடும் உலோகம் உலோகத்தைத் தொட்டால் சில விநாடிகளில் இரண்டும் உருகி ஒட்டிக்கொள்ளும். நல்ல நிலையில் உள்ள என்ஜினில் ஓடும்போது அவை தொட்டுக்கொள்வதில்லை. இரண்டுக்கும் நடுவே எண்ணெய் இருக்கிறது.

எண்ணெய் எப்படி அங்கே நிற்கிறது என்பதற்கான விடை காரின் காலத்துக்கு முந்தைய ரயிலிலிருந்து கிடைத்தது. 1880களில் பிரிட்டனின் இயந்திரப் பொறியாளர் கழகத்துக்காக பொஷாம்ப் டவர் என்ற பொறியாளர், ரயில் பெட்டியின் அச்சில் இருப்பதைப் போன்ற ஒரு பேரிங்கைச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் ஒரு துளையிட்டபோது, அச்சு சுழலச் சுழல அந்தத் துளையின் வழியே எண்ணெய் மேலே பொங்கி வந்தது. துளையை அடைத்து வைத்த மரக்கட்டையையும் அது வெளியே தள்ளியது. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தபோது, பேரிங்கின்மேல் வைத்திருந்த சுமையிலிருந்து கணக்கிட்ட சராசரி அழுத்தத்தைப்போல இரு மடங்குக்கு மேற்பட்ட அழுத்தம் அந்த எண்ணெய்க்குள் இருந்தது தெரியவந்தது. மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்த ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் 1886இல் இதற்கான கணிதத்தை வெளியிட்டார். 1904இல் அந்தச் சமன்பாட்டுக்கு உருளைப் பேரிங்குக்கான தீர்வைக் கண்ட அர்னால்ட் சொம்மர்ஃபெல்ட், இரண்டு ஆண்டுகள் கழித்து மியூனிக் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் என்பது, மியூனிக்கில் வேர்கொண்ட ஒரு கார் நிறுவனத்தைப் பற்றிய கட்டுரையில் சொல்லாமல் விட மனம் வராத செய்தி.

ரெனால்ட்ஸ் காட்டிய உண்மை இதுதான். பேரிங்கின் உள்விட்டம் முழியின் விட்டத்தைவிடச் சற்றே பெரியது. எஸ்85 என்ஜினில் அந்த இடைவெளி ஏறத்தாழ 0.03 மில்லிமீட்டர். சுமை முழியை ஒரு பக்கமாகத் தள்ளும்போது, இடைவெளி ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் ஆப்பின் வடிவத்தைப் பெறுகிறது. சுழலும் முழியோடு ஒட்டிய எண்ணெய், அகன்ற பக்கத்திலிருந்து குறுகிய பக்கத்துக்கு இழுத்துச் செல்லப்படுகிறது. அங்கே போதிய இடம் இல்லாததால் அழுத்தம் எகிறி, முழியைப் பேரிங்கிலிருந்து விலக்கித் தூக்குகிறது. மழைநீர் தேங்கிய சாலையில் வேகமாகச் செல்லும் காரின் டயர் தரையை விட்டு எழுந்து நீரின்மேல் மிதப்பதும் இதே இயக்கத்தால்தான். சாலையில் ஆபத்தான அந்த மிதப்பே என்ஜினுக்குள் உயிர்காக்கிறது. மிகக் குறுகிய இடத்தில் எண்ணெய்ப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானை, அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கை, ஒட்டிய அளவுக்கும் இறங்கக்கூடும். ஆயில் பம்ப் தரும் சில பார் அழுத்தம் இந்தச் சுமையைத் தாங்குவதாகப் பலர் எண்ணுகிறார்கள். பம்ப்பின் வேலை எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே. சுமையைத் தாங்கும் பன்மடங்கு அழுத்தத்தைச் சுழற்சியே உண்டாக்கிக்கொள்கிறது.

படலத்தின் தடிமன் எண்ணெயின் பாகுத்தன்மையைப் பொறுத்தது. எம்5 காருக்கு நிறுவனம் பரிந்துரைத்தது 10டபிள்யூ-60 வகை எண்ணெய். 60 என்ற தரத்துக்கு, 100 பாகை செல்சியஸ் வெப்பத்தில் பாகுத்தன்மை 21.9 முதல் 26.1 சென்டிஸ்டோக் வரை இருக்க வேண்டும். 30 தரத்துக்கு இது 9.3 முதல் 12.5 வரை. பந்தயத்தடத்தில் எண்ணெய் கடுமையாகச் சூடேறினாலும் படலம் அறுந்துவிடக் கூடாது என்பதே இவ்வளவு தடித்த எண்ணெயைத் தேர்ந்தெடுத்ததன் நோக்கம். ஆனால் அதே எண்ணெய் 40 பாகையில் ஏறத்தாழ ஏழு மடங்கு தடிப்பாக இருக்கும்; குளிர்காலக் காலையில் அதைவிடவும் தடிப்பாகும். குறுகிய இடைவெளிக்குள் தடித்த எண்ணெய் மெதுவாகவே பாயும். பேரிங்கில் உண்டாகும் வெப்பத்தை வெளியே எடுத்துச் செல்வதும் பாய்ந்து செல்லும் எண்ணெய்தான் என்பதால், பாய்வு குறைந்தால் உள்ளே வெப்பம் கூடி, படலம் மெலிகிறது. எஸ்85 என்ஜினின் பேரிங் தேய்மானத்துக்கு இடைவெளி போதாமையே காரணம் என்று ஒரு சாராரும், குளிர்ந்த என்ஜினை முரட்டுத்தனமாக ஓட்டுவதும் எண்ணெயை நாள்கடந்து மாற்றுவதுமே காரணம் என்று மறுசாராரும் வாதிடுகிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல என்பது என் கருத்து. விளிம்புவரை சென்று வடிவமைக்கப்பட்ட ஒரு பாகத்தில், பயன்படுத்துபவரின் சிறு அலட்சியத்தைப் பொறுத்துக்கொள்ளும் மிச்ச இடம் இருப்பதில்லை.

வடிவமைத்தவர்களுக்கு இது தெரிந்தே இருந்தது என்பதற்குச் சுழற்சிமானியே சான்று. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது அந்த வட்டத்தின் எச்சரிக்கை விளக்குகள் தாழ்ந்த சுழற்சியிலிருந்தே எரிகின்றன. எண்ணெய் சூடாகச் சூடாக அவை ஒவ்வொன்றாக அணைந்து, அனுமதிக்கப்பட்ட எல்லை மேலே நகர்கிறது. குளிர்விப்பு நீர் சில நிமிடங்களில் சூடாகிவிடும், ஆனால் ஒன்பது லிட்டருக்கு மேற்பட்ட எண்ணெய் சூடாவதற்கு அதைவிட வெகுநேரம் ஆகும் என்பதால், நம்ப வேண்டியது எண்ணெயின் வெப்பத்தையே. வீட்டு வாசலில் நிறுத்தி என்ஜினை வெறுமனே ஓடவிட்டுச் சூடாக்குவது நல்ல வழி அன்று. அப்போது எண்ணெய் மிக மெதுவாகவே சூடாகிறது, சிலிண்டர் சுவரில் படியும் எரிபொருள் எண்ணெயோடு கலந்து அதை நீர்க்கவும் செய்கிறது. கிளப்பியவுடன் புறப்பட்டு, விளக்குகள் காட்டும் எல்லைக்கு வெகு கீழே, ஆக்சிலரேட்டரை மிதமாக அழுத்தி ஓட்டுவதே சரியான முறை.

எண்ணெய் மாற்றும் இடைவெளியில்தான் உரிமையாளர்கள் நிறுவனத்தின் கணினியோடு வேறுபடுகிறார்கள். பயன்பாட்டைப் பொறுத்து கணினி சொல்லும் இடைவெளி 20,000 கிலோமீட்டரையும் கடந்து போகலாம். அக்கறையுள்ளவர்கள் அதில் பாதியிலேயே மாற்றிவிடுகிறார்கள். இதற்கு அறிவியல் காரணம் உண்டு. குளிரில் 10 தரத்தைப் போலவும் சூட்டில் 60 தரத்தைப் போலவும் ஓர் எண்ணெய் நடந்துகொள்வதற்கு, அதில் நீண்ட பாலிமர் மூலக்கூறுகள் கலக்கப்படுகின்றன. பேரிங்குகளிலும் பற்சக்கரங்களிலும் மீண்டும் மீண்டும் நசுங்கும்போது அந்த மூலக்கூறுகள் அறுபட்டு, எண்ணெய் தன் தரத்திலிருந்து மெல்ல இறங்குகிறது. அந்த இறக்கத்தைக் கண்ணாலோ விரலாலோ கண்டுபிடிக்க இயலாது.

கண்டுபிடிக்க உதவுவது ஆய்வகம். வடித்த எண்ணெயிலிருந்து ஒரு சிறு புட்டி அனுப்பினால், அதில் கலந்துள்ள உலோகங்களைப் பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று நிறமாலைமானி கூறிவிடும். பழைய வகைப் பேரிங் எஃகு முதுகும் அதன்மேல் செம்பு-ஈயக் கலவையும், எல்லாவற்றுக்கும் மேலே மைக்ரான் கணக்கில் அளக்கத்தக்க மென்பூச்சும் கொண்டது. எண்ணெயில் ஈயம் ஏறினால் மென்பூச்சு தேய்கிறது. செம்பும் சேர்ந்து ஏறினால் பூச்சைத் தாண்டித் தேய்மானம் உள்ளே போய்விட்டது. பிற்காலத்தில் ஈயமில்லாப் பேரிங்குகள் வந்தன; அவற்றில் ஈயத்தைத் தேடிப் பயனில்லை. ஒரு தனி எண்ணைவிட, அடுத்தடுத்த மாற்றங்களில் அது ஏறும் போக்கே கவனிக்கத்தக்கது. இந்தச் சோதனைக்கும் ஒரு குருட்டுப் புள்ளி உண்டு: நிறமாலைமானி சில மைக்ரானுக்கு உட்பட்ட துகள்களையே நன்றாகக் காண்கிறது, பெரிய செதில்கள் அதன் கண்ணில் படுவதில்லை. ஆகவே ஆயில் ஃபில்டரைப் பிரித்து மடிப்புகளுக்குள் மினுமினுப்பைத் தேடும் பழைய பட்டறை வழக்கம் இன்னும் தேவையாகவே இருக்கிறது.

தேய்மானம் உறுதியானால், அல்லது வரலாறு தெரியாத வண்டியாக இருந்தால், பேரிங்குகளை முன்கூட்டியே மாற்றிவிடுவது வழக்கம். என்ஜினை வெளியே எடுக்காமலேயே இதைச் செய்யலாம். மேலிருந்து ஒரு தாங்கு கம்பியில் என்ஜினைத் தொங்கவிட்டு, முன்சக்கரங்களைத் தாங்கும் துணைச் சட்டத்தை இறக்கி, ஆயில் தொட்டியைக் கழற்றினால் கிராங்க் ஷாஃப்ட் கண்ணுக்குத் தெரியும். பத்து ராடுகளுக்கு இருபது பிறைத்துண்டுகள், இருபது போல்ட்டுகள். இந்த போல்ட்டுகள் இறுக்கும்போது குறிப்பிட்ட அளவு நீட்சி அடைவதால்தான் பிடிப்பைத் தருகின்றன; ஒருமுறை நீண்டவற்றை மீண்டும் பயன்படுத்தக் கூடாது. ராடின் அடிமூடியும் வேறொரு ராடுக்குப் பொருந்தாது. ஒரே துண்டாகச் செய்து, பிறகு வேண்டுமென்றே உடைத்து இரண்டாக்கும் முறையில் அவை தயாரிக்கப்படுவதால், உடைந்த முகத்தின் மேடுபள்ளங்கள் தத்தம் இணையோடு மட்டுமே கச்சிதமாகச் சேரும். இந்த வேலையை நாள்கணக்கில் செய்யும் மெக்கானிக்கின் கூலி பெரிதாகத் தோன்றலாம். பேரிங் தன் இடத்தில் பிடிப்பை இழந்து சுழன்று கிராங்க் ஷாஃப்ட்டைக் கெடுத்தபின் வேறு என்ஜின் தேடும் செலவின் முன் அது சிறியதே.

மற்றப் பலவீனங்கள் இத்தனை கொடியவை அல்ல. என்ஜினுக்குள் செல்லும் காற்றைக் கட்டுப்படுத்தும் பத்துத் தனித்தனி திராட்டில்களைத் திறந்து மூடும் இரு மின்மோட்டார் அமைப்புகளில் பற்சக்கரங்கள் தேய்ந்தால், என்ஜின் திடீரென்று பலம் குன்றிய பாதுகாப்பு நிலைக்குப் போகும். வண்டி ஓரமாக நிற்கும், என்ஜின் பிழைத்துவிடும். வால்வுகளின் நேரத்தை மாற்றும் வானோஸ் அமைப்பு, தனி உயரழுத்தப் பம்ப்பின் துணையால் இயங்குவதால், அதன் குழாயும் பம்ப்பும் கண்காணிக்கப்பட வேண்டும். எஸ்எம்ஜி எனப்படும் ஏழு வேகக் கியர்பெட்டி, சாதாரணக் கிளட்ச் ஒன்றை ஹைட்ராலிக் பம்ப்பால் இயக்குவது; நகர நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து செல்வதை அது விரும்புவதில்லை. 70 லிட்டர் எரிபொருள் தொட்டியும், 100 கிலோமீட்டருக்கு 14.8 லிட்டர் என்ற அதிகாரபூர்வச் செலவும், அதைவிடக் கூடுதலான நடைமுறைச் செலவும் இந்த வண்டியை வாங்குபவர் அறியாததாக இருக்க முடியாது.

விற்பனைக்கு வந்திருக்கும் இரு வண்டிகளில் ஒன்று 60,000 கிலோமீட்டர் மட்டும் ஓடி, அடிக்கடி நீண்ட ஓய்வில் கிடந்து, எண்ணெய் மாற்றிய ரசீதுகள் இல்லாமல் பளபளவென்று நிற்கலாம். மற்றொன்று 1,50,000 கிலோமீட்டர் ஓடி, பேரிங் மாற்றிய ரசீதையும் கழற்றிய பழைய பிறைத்துண்டுகளின் படங்களையும் அடுத்தடுத்த எண்ணெய் ஆய்வறிக்கைகளையும் கோப்பில் வைத்திருக்கலாம். விலை ஒன்றாகவே இருந்தாலும் நான் இரண்டாவதைத்தான் வாங்கச் சொல்வேன். முதல் வண்டியையே வாங்கத் துணிபவர், பேரிங் மாற்றும் செலவை அதன் விலையிலிருந்து கழித்துப் பேரம் பேசிவிட்டு, வாங்கிய கையோடு ஆயில் தொட்டியைக் கழற்றிப் பார்த்துவிட வேண்டும்.