கேஸ்லிங்: கோட்டை கட்டுதலா, அரண் புகுதலா?

கோவை, ஈரோடு பக்கம் சதுரங்க வகுப்புகளில் "கேஸ்லிங் போட்டாச்சுங்க" என்பதுதான் பேச்சு. எழுதும்போது 'கோட்டை கட்டுதல்' ஆகிவிடும். ராஜா யானையை நோக்கி 2 கட்டம் போவார். யானை அவரைத் தாண்டி மறுபக்கம் ஒட்டி நிற்கும். இரண்டும் அதுவரை அசைந்திருக்கக் கூடாது.

நாம் யானை என்கிற காய்க்கு ஆங்கிலத்தில் 'கேஸில்' என்றும் ஒரு பெயர். அதிலிருந்து பிறந்ததே கேஸ்லிங். பாரசீகர் அக்காயை 'ருக்', அதாவது தேர் என்றார்கள். ஸ்பானியரின் 'என்ரோக்கே' அந்த வழியில் வந்தது. நம் நாட்டுப் பழைய ஆட்டத்தில் இந்த நகர்த்தலே கிடையாது. செக் வாங்காத ராஜா ஒரே ஒரு முறை குதிரை மாதிரி தாவலாம், அவ்வளவுதான். அதனால் பழஞ்சொல் தேடிப் பயனில்லை.

ஆனால் 'கட்டுதல்' தப்பு. எஃப், ஜி, எச் வரிசைச் சிப்பாய்கள் முதல் நகர்த்தலுக்கு முன்பே மதிலாக நிற்கின்றன. சங்ககிரி மலைக்கோட்டைக்குள் ஏறுகிறவன் அதைக் கட்டினான் என்போமா? 'அரண் புகுதல்' என்பதே சரி.

புகுந்தவரைத் தாக்குவதற்குப் பெயர் நம்மிடம் முன்பே இருக்கிறது: உழிஞை. "முழுமுதல் அரணம் முற்றலும் கோடலும்" என்கிறது தொல்காப்பியம். முற்றல் சூழ்வது, கோடல் கொள்வது. வரிசை முக்கியம், சூழாமல் கொள்ளப் போகிறவர்கள்தான் காயை இழக்கிறார்கள்.

எச்7 பலியைப் பாருங்கள், அதாவது எச் வரிசையின் 7ஆம் கட்டத்தில் மந்திரியைக் கொடுத்துத் தாக்குவது. கறுப்பு ராஜா அரண் புகுந்து ஜி8இல் இருக்கிறார். வெள்ளை மந்திரி டி3, குதிரை எஃப்3, ராணி டி1, சிப்பாய் இ5. அந்தச் சிப்பாய் இருப்பதால் கறுப்புக் குதிரை எஃப்6இல் நிற்க முடியாது. இவ்வளவும் முற்றல். இனி மந்திரி எச்7 சிப்பாயை வெட்டி செக்; ராஜா மந்திரியை வெட்டுவார்; குதிரை ஜி5இல் செக்; ராஜா ஜி8க்குத் திரும்பினால் ராணி எச்5. அடுத்து எச்7இல் மேட் மிரட்டல்.

கெடுவது பெரும்பாலும் 2 இடத்தில். கறுப்பு மந்திரி இ7இல் இருந்தால் ஜி5க்கு வந்த குதிரையை வெட்டிவிடும். திருப்பி வெட்ட சி1 மந்திரிக்கு வழி திறந்திருக்க வேண்டும், அல்லது சிப்பாய் எச்4இல் நிற்க வேண்டும். சி8 மந்திரியின் பாதை திறந்திருந்தால் அது எஃப்5க்கு வந்து எச்7ஐக் காக்கும், பலி வீண். ராஜா ஜி8க்குப் போகாமல் ஜி6க்கு ஏறினால் ராணி ஜி4 என்று தொடரலாம், ஆனால் அதற்குத் தனிக் கணக்கு வேண்டும்.

காக்கும் பக்கத்துக்கும் பெயர் உண்டு, நொச்சி. தேவையில்லாமல் எச்6க்குச் சிப்பாயைத் தள்ளுவது நொச்சியாருக்கு நல்லதல்ல: எதிரியின் ஜி சிப்பாய் ஜி5க்கு வந்து அதைக் கொத்தும், மதிலில் வாசல் திறக்கும்.